முதல் தூறலுக்கு முன் பானட்டைத் திறங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டது. கடலூர் மாவட்டத்தில் மழை இறங்க அதிக நாள் ஆகாது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800, ஆம்னி என்று பழைய வண்டி எதை வைத்திருந்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று நின்று, பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் வியாதி சில வண்டிகளுக்கு உண்டு. கோடையிலேயே ஓரிரு முறை காட்டியிருக்கும். நாம்தான் "அதுவா சரியாயிடுச்சு" என்று விட்டிருப்போம். மழையில் அது முற்றும்.

விருத்தாசலத்தில் இதற்கு ஒரு காரணம் கூடுதல். செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் தினமும் நிற்கும் வண்டியின் பானட்டைத் தூக்கிப் பாருங்கள், மாவு தூவியது போல வெள்ளைப் படலம் இருக்கும். களிமண்ணும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அரைபட்ட தூள். காய்ந்து கிடக்கும் வரை அதனால் தொல்லை இல்லை. ஈரம் பட்டால் மின்சாரம் ஊர்ந்து போக அது பாதை போட்டுக் கொடுத்துவிடும். பீங்கான் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மின்கம்பத்து இன்சுலேட்டருக்குக் குடை குடையாக மடிப்பு வைப்பது, மேற்பரப்பில் கரண்ட் கடக்க வேண்டிய தூரத்தை நீட்டத்தானே? மாதக்கணக்கில் தூசி பிடித்த இன்சுலேட்டர் பெரும்பாலும் பொறி விடுவது முதல் தூறலிலும் விடியற்காலைப் பனியிலும்தான். அடைமழை தூசியைக் கழுவிவிட்டுப் போகும், தூறல் அதை நனைத்து மட்டும் வைக்கும். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கழுத்தும் அலுமினாப் பீங்கான்தான், அதன் வழியே போவது 10,000 வோல்ட்டுக்கும் மேல். எனவே முதல் வேலைக்குச் செலவே இல்லை. என்ஜின் ஆறியபின் பிளக்குகளின் கழுத்து, பிளக் ஒயர்கள், காயிலின் மூக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உள்ளும் புறமும் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். ஈரத்துணி கூடாது.

கேப்பின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கிளைகிளையாகக் கோடு இழுத்தது போலத் தெரிந்தால் அது அழுக்கு இல்லை, கரண்ட் தடம் பதித்துவிட்டது. சுரண்டினால் தடம் ஆழமாகும், கேப்பை மாற்றுவதுதான் வழி. சந்தேகம் இருந்தால் இருட்டியபின் வண்டியைத் திறந்த வெளியில் ஐடிலிங்கில் ஓடவிட்டு, துணிக்கு அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் பிளக் ஒயர்கள் மேல் பனி போலத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். நீல நூல் ஓடும் இடம்தான் லீக். கையை ஒயரிலும் துண்டு நுனியை ஃபேன் பெல்ட்டிலும் பட விடாதீர்கள்.

வந்து வந்து போகும் கோளாறைப் பிடிக்க, அது வருகிற வேளையைக் குறித்து வைக்க வேண்டும். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு போதும். மழையிலா, அரை மணி நேரம் ஓடிச் சூடானபின்பா, பள்ளத்தில் இறங்கியதுமா, வைப்பரும் ஹெட்லைட்டும் சேர்ந்து ஓடும்போதா என்று எழுதுங்கள். ஐந்து முறை எழுதினால் மெக்கானிக்கிடம் பாதி வேலை முடிந்துவிடும். எழுதாமல் கொண்டு போனால் அங்கே வண்டி சமர்த்தாக ஓடும். அவர் யூகத்தில் ஒரு சாமான் மாற்றுவார், நீங்கள் பணம் கட்டுவீர்கள்.

இது என் சொந்த அனுபவம். 1997 மாடல் மாருதி 800. போன மழையில் மணிமுத்தாற்றுப் பாலத்தின் மேல் மூன்று முறை நின்றது. ஒரு பட்டறையில் காயில் மாற்றினார்கள், அடுத்ததில் பிளக் செட், அப்புறம் பேட்டரி. நான்காவதாகப் போனது வயதான ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. பார்க் லைட்டுக்குப் போடும் 5 வாட் பல்பு ஒன்றில் நீளமாக இரண்டு ஒயர் கட்டினார். ஒன்றைச் சின்ன பியூஸ் வைத்துக் காயிலின் பிளஸ் முனையில் மாட்டினார், மற்றதை பாடியில் எர்த் செய்தார். பல்பை உள்ளே இழுத்து டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டினார்.

"எல்.இ.டி. வச்சா லேசா இருக்காதா அண்ணே?"

"அது கரண்ட் பாதி செத்தாலும் சிரிச்சுக்கிட்டே எரியும் தம்பி. குண்டு பல்புதான் மங்கிக் காட்டும். வண்டி நிக்கும்போது ரோட்டைப் பாத்து ஓரங்கட்டு, அப்படியே இதையும் ஒரு கண்ணு பாரு."

இரண்டாம் நாள் வைப்பரும் விளக்கும் போட்டு வரும்போது பல்பு மங்கியது, துடித்தது, அணைந்தது. கூடவே என்ஜினும். ஆக, காயிலுக்குக் கரண்டே வரவில்லை. இக்னிஷன் சுவிட்சின் பின்னால் இருந்த கனெக்டரை அவர் கழற்றிக் காட்டியபோது வெள்ளை பிளாஸ்டிக் ஒரு முனையைச் சுற்றி மட்டும் முறுக்கு நிறத்தில் பழுத்திருந்தது. லூஸ் காண்டாக்ட் சூடாகிச் சூடாகிப் பிடி விட்டிருக்கிறது. சாவிக்கொத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். வீடு, கடை, பீரோ, ஸ்கூட்டர் எல்லாம் அதில் தொங்கின. "இந்தக் கனத்தை இத்தன வருசம் தாங்குச்சே, அதுவே பெரிசு." இன்றைக்கே கார் சாவியைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

வண்டி நின்றபோது பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தால் குற்றவாளி வேறு இடம். காயில், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் அல்லது பெட்ரோல். சூடானபின் நின்று ஆறினால் எடுக்கும் வண்டியில் மூக்கில் ஈரம் படாமல் காயிலின் உடல் மேல் மட்டும் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள், எடுத்தால் பெரும்பாலும் காயில்தான். அம்பாசிடர், பத்மினிக்காரர்கள் பாயிண்ட்டையும் பாருங்கள். அம்பாசிடரில் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். பலரும் கவனிக்காத ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டுக்குப் போகும் குட்டி ஒயர். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் அது மடங்கி நிமிர்கிறது. மேலே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். மிதித்தால் நிற்கும், விட்டால் ஓடும் என்ற குறி இருந்தால் முதலில் இதை இழுத்துப் பாருங்கள். கார்புரேட்டரில் சொலினாய்டு உள்ள வண்டி ஐடிலிங்கில் மட்டும் நின்றால் அந்த ஒற்றை ஒயரைத் தொட்டுப் பாருங்கள்.

எர்த் எல்லா வண்டிக்கும் பொது. பேட்டரி நெகட்டிவ் கேபிள் பாடியிலும் கியர்பாக்ஸிலும் சேரும் போல்ட்டைக் கழற்றி, பச்சை பூத்திருந்தால் எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, முடுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள். பிறகு விளக்கு, வைப்பர் எல்லாம் போட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதைப் பாடியிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் எங்கோ பிடிப்பில்லை. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சார்ஜிங் பற்றிக் கவலை வேண்டாம்.

தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், செல்ஃபும் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளி மேட்டுக்கு ஏற்றுங்கள்.

நான்கு பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன் ஊர் இது. ரயில்வே கேட்டுக்குள் என்ஜின் நின்றால் உள்ளே இருப்பவர்களை உடனே இறக்கி வெளியே அனுப்புங்கள். ரயில் வரும் அறிகுறி இருந்தால் வண்டியை விட்டுவிட்டு நீங்களும் இறங்கி ஓடிவிடுங்கள். இல்லையென்றால் முதல் கியர் போட்டு, கிளட்சை முழுதாக விட்டு, சாவியைத் திருப்பிப் பிடியுங்கள். இந்தப் பழைய வண்டிகளில் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை ஊர்ந்தபடி நகர்த்திவிடும். இதை வீட்டு முன்னால் காலி இடத்தில் ஒரு தரம் செய்து பழகிக்கொள்ளுங்கள்.