காப்பிக் காசும் நாட்டுக் காசும்



பாடாங் செராயில் நமது ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு. அன்றைய பாடம் திருக்குறளின் 55-ஆம் அதிகாரம், செங்கோன்மை. நேர்மையாக ஆள்பவனைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒரு தம்பி கையைத் தூக்கினான்.

"அண்ணே, இதெல்லாம் புத்தகத்துலதான் இருக்கு. வெளிய எல்லாரும் கள்ளனுங்க. எங்கப்பா இனிமே ஓட்டே போடமாட்டேன்னுட்டாரு. நானும் போடமாட்டேன்."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கோபம் பொய்யான கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கோபப்படக் காரணம் உண்டா?

நிறையவே உண்டு. எஸ்.ஆர்.சி. இண்டர்நேஷனல் நிறுவனத்துக்கு அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியிலிருந்து 400 கோடி வெள்ளி கடனாகப் போனது. அந்த நிறுவனத்தின் 4 கோடியே 20 லட்சம் வெள்ளி தொடர்பான வழக்கில்தான் முன்னாள் பிரதமர் நஜிப் துன் ரசாக் 2020 ஜூலை 28-ஆம் தேதி குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். 2022 ஆகஸ்டு 23-ஆம் தேதி சிறைக்குப் போனார். 12 ஆண்டுத் தண்டனை பிறகு 6 ஆண்டாகக் குறைக்கப்பட்டது.

தலைமை எப்படி இருந்தது? 2018 தேர்தலுக்கும் 2022 தேர்தலுக்கும் இடையில் மூன்று பிரதமர்களைப் பார்த்தோம். கோவிட் காலத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் ஜனங்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டிய 2021-ஆம் ஆண்டிலும் மேலே நாற்காலிச் சண்டை நிற்கவில்லை.

நம் தொகுதியையே பாருங்கள். 2008-இல் கெஅடிலான் கட்சிச் சின்னத்தில் வென்ற என்.கோபாலகிருஷ்ணன், 2011-இல் கட்சியை விட்டுச் சுயேச்சை உறுப்பினரானார். 2022-இல் வேட்பாளர் எம்.கருப்பையா வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்பு காலமானதால், நமக்கு டிசம்பர் 7-ஆம் தேதிதான் தேர்தல் நடந்தது. அதற்குள் புதிய பிரதமர் பதவியேற்றுவிட்டார். "கவர்மெண்டு அமைஞ்சிருச்சு, இனிமே நம்ம ஓட்டு எதுக்கு?" என்று எனக்குத் தெரிந்த சில வீடுகளில் யாருமே போகவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, நீங்க யாருக்கும் லஞ்சம் குடுத்ததே இல்லையா?"

நான் சொன்ன பதில்

குடுத்திருக்கிறேன்.

சில வருடத்துக்கு முன்னால். மோட்டார் ரோட்டு டெக்ஸ் முடிந்து இரண்டு வாரம். வேலைக்கு நேரமாகிவிட்டது. வழியில் நிறுத்தினார்கள். சம்மன் எழுதினால் எவ்வளவு வருமோ என்ற பயத்தில், லைசென்சுக்குக் கீழே 50 வெள்ளியை மடித்து நீட்டினேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன். அன்று சாயங்காலம் கூட்டாளிகளிடம் அதைச் சாமர்த்தியமாகவும் சொல்லிக்கொண்டேன். அதே வாயால் அரசாங்கத்தையும் திட்டினேன்.

வகுப்பில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

2009-ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி, வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி. 20 ஆண்டு வரை சிறை. அதோடு லஞ்சத் தொகையைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு, அல்லது 10,000 வெள்ளி, இதில் எது அதிகமோ அது அபராதம். என் 50 வெள்ளிக்கு அதுதான் கணக்கு.

கோடிக்கணக்கில் திருடியதும் என் 50 வெள்ளியும் ஒன்றா? ஒன்றல்ல. நாட்டுப் பணம் கையில் இருந்தவனின் குற்றம் பெரிது. அதைச் சின்னதாக்க என் கதையைச் சொல்லவில்லை. ஆனால் "எல்லாரும் செய்றதுதானே" என்ற அந்த வார்த்தை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மூன்று பாடங்கள்

ஒன்று: ஆளைத் தேர்ந்தெடுப்பதும் தர்மமே. திருக்குறளில் 51-ஆம் அதிகாரம், தெரிந்து தெளிதல். ஒருவரின் குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிகுதி என்று எடை போட்டு முடிவு செய் என்கிறார் வள்ளுவர். குற்றமே இல்லாத ஆளைத் தேடச் சொல்லவில்லை. "எல்லாரும் கள்ளனுங்க" என்று சொல்லிவிட்டால் எடை போடும் வேலையே மிச்சம். அதனால் லாபம் பெரிய கள்ளனுக்குத்தான்.

இரண்டு: கண்டித்துச் சொல்ல ஆள் வேண்டும். பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில், இடித்துரைப்பவர் இல்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்கிறார். இன்று அந்த வேலை நம்முடையது. கட்சி தாவுவதைப் பார்த்து மக்கள் சலித்துப்போனார்கள், கேள்வி கேட்டார்கள். 2022 அக்டோபர் 5 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் நடப்புக்கு வந்தது. முழுமையான சட்டம் என்று சொல்ல மாட்டேன். கட்சியே நீக்கினால் பதவி போகாது. இருந்தாலும் பேசியதால்தான் அந்த அளவுக்காவது வந்தது.

மூன்று: தவற்றை ஒப்புக்கொள்பவனே பலமான தலைவன். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் நினைத்திருந்தால் பழியைப் பொற்கொல்லன் மேல் போட்டிருக்கலாம். கண்ணகியின் சிலம்பு உடைந்ததும், தானே கள்வன் என்று சொல்லி அரியணையிலேயே உயிரை விட்டான். விசாரணைக் கமிட்டி வைக்கவில்லை, அதிகாரிகளைக் கைகாட்டவில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது

18 வயது நிறைந்தவர்களின் பெயர் இப்போது தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறது. உங்கள் பெயரும் வாக்களிக்கும் இடமும் சரியாக இருக்கின்றனவா என்று தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பாருங்கள். நம் இயக்கத்துக்கு வசூலித்த பணத்தின் வரவு செலவுக் கணக்கை அடுத்த ஞாயிறு பலகையில் ஒட்டுகிறேன். வந்து ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேளுங்கள். எனக்குக் கோபம் வராது, வந்தாலும் கேளுங்கள்.

கலந்து பேச

1. உங்கள் வீட்டில் "காப்பிக் காசு" கொடுத்து முடித்த காரியம் எது? வேறு வழி இருந்ததா?

2. நம் தொகுதி வேட்பாளரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை?

வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அந்தத் தம்பி பக்கத்தில் வந்தான். "அண்ணே, அடுத்த தடவ நிறுத்துனா என்ன பண்ணுவீங்க?"

"சம்மன் எழுதுங்கன்னு சொல்வேன்."

"பார்ப்போம்ணே," என்றான்.

சரியாகத்தான் சொன்னான். பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.