பணித்தலைவன் தன்னை அளந்தறிதல்

நெல்லை மரக்காலால் அளக்கிறோம். நிலத்தைச் சங்கிலியால் அளக்கிறோம். தன்னை அளப்பதற்குக் கருவி தேடுவோர் மிகச் சிலரே. பத்துப் பேருக்கு மேலாக அமர்ந்தவனுக்கு இவ்வளவை இன்னும் அரிதாகிறது. ஏனெனில், அவன் குறையை அவனிடம் எடுத்துரைக்கக் கீழுள்ளோர் அஞ்சுவர்.

நம்மவருள் இன்று பட்டறை மேஸ்திரியாகவும், தலைமை எழுத்தராகவும், தலைமைச் செவிலியாகவும், தலைமையாசிரியராகவும் விளங்குவோர் பலர். அதிகாரத்தின் கொடுமையை முதுகில் தாங்கிய மூதாதையரின் வழிவந்தோர் நாம். நமக்கு நாற்காலி கிடைத்தபின் அதே கோலை நாமும் ஓங்குவோமாயின், ஆள் மாறியதேயன்றி அநீதி மாறியதாகாது. ஆகவே, “பதவியில் உயர்ந்தேன், தலைமையில் வளர்ந்தேனா?” என ஒவ்வொருவரும் தம்மை வினவுதல் கடமையாகும். சம்பளமும் பட்டமும் இவ்வினாவிற்கு விடையாகா.

விடைகாணும் வழியை டில்லி மாநகரின் கற்களே கற்பிக்கின்றன.

முதல் அளவு, நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடுதல். தென்டில்லியில் பஹாபூர் என்னுமிடத்தில் 1966-ஆம் ஆண்டு அசோகரின் பாறைச்சாசனம் ஒன்று கண்டறியப்பட்டது. தாம் உபாசகராகி இரண்டரை ஆண்டுக்கு மேலாயிற்று என்றும், அதில் ஓராண்டு பெருமுயற்சி செய்யவில்லை என்றும், சங்கத்தை அணுகியபின் ஓராண்டுக்கு மேலாக ஊக்கத்துடன் முயன்று வருவதாகவும் மன்னர் அதில் அறிவிக்கிறார். பிற மன்னரோடு அவர் தம்மை ஒப்பிடவில்லை. தம் தளர்ந்த ஆண்டையும் மறைக்கவில்லை. முயற்சியின் பயன் பெரியோர்க்கு மட்டுமன்று, எளியோர்க்கும் உரியது என்பதும் அச்சாசனத்தின் கருத்து.

இரண்டாம் அளவு, இரு பக்கமும் எழுதிய கணக்கு. தோப்ராவிலிருந்து பிரோஸ் ஷா துக்ளக் 14-ஆம் நூற்றாண்டில் கொணர்ந்த அசோகர் தூண், டில்லி பிரோஸ் ஷா கோட்லாவில் இன்றும் நிற்கிறது. அதிலுள்ள மூன்றாம் சாசனம், மனிதன் தான் செய்த நன்மையையே காண்கிறான், தீமையைக் காண்பதில்லை என உணர்த்தி, கடுமை, கொடுமை, சினம், செருக்கு, பொறாமை ஆகியவற்றைக் கண்காணிக்கும்படி எச்சரிக்கிறது. வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டவன் கணக்கு எத்தன்மையதோ, அத்தன்மையதே குறையை எழுதாத தலைவனின் கணக்கும்.

மூன்றாம் அளவு, பிறர்பால் வைக்கும் நம்பிக்கை. அதே தூணின் நான்காம் சாசனத்தில், பல இலட்சம் மக்கள்மேல் அமர்த்தப்பட்ட இராஜுகர் என்னும் அதிகாரிகளுக்கு நீதி வழங்குவதில் தன்னுரிமை அளிக்கப்படுகிறது. தேர்ந்த செவிலியிடம் குழந்தையை ஒப்படைத்த தாய் மனம் அமைதியுறுவது போல, மன்னரும் அவர்களை நம்பினார். எல்லா முடிவும் தன் மேசைக்கே வரவேண்டும் என்பவன் வேலையைப் பெருக்குகிறானேயன்றி, வேலை அறிந்தோரைப் பெருக்குவதில்லை.

இது பழங்காலத்துக்கே உரிய பேச்சன்று. 1997 முதல் 2011 இறுதிவரை டில்லி மெட்ரோ இரயில் நிறுவனத்தை நடத்தியவர் ஈ. ஸ்ரீதரன். இலக்கு நாளுக்கு இன்னும் எத்தனை நாள் எஞ்சியுள்ளது எனக் காட்டும் கடிகாரங்களை அலுவலகங்களிலும் பணியிடங்களிலும் அவர் நிறுவினார். ஷாதராவிலிருந்து தீஸ் ஹஸாரி வரையிலான முதற்பாதை 2002 டிசம்பரில் திறக்கப்பட்டது. முதற்கட்டம் குறித்த காலத்துக்கு முன்பே 2005-இல் நிறைவுற்றது. கடிகாரம் அளந்தது வேலையை. தலைவரை அளந்த நாள் வேறு. 2009 ஜூலை 12 அன்று ஜம்ருத்பூரில் கட்டுமானத்திலிருந்த பாலம் சரிந்து உயிர்கள் மாண்டன. அன்றே அவர் தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகல் கடிதம் அளித்தார். முதலமைச்சர் ஷீலா தீட்சித் அதனை ஏற்கவில்லை. அவரும் பணியைத் தொடர்ந்தார். புகழ் வரும்போது முன்னிற்பவர் பலர். பழி வரும்போது முன்னிற்பவரே தலைவர். அவர் ஓய்வுபெற்ற பின்னும் பாதைகள் தொடர்ந்து நீண்டன என்பதும் கருதத்தக்கது.

இனிச் செயல்முறை. ஒரு சிறு குறிப்பேடு போதும். மாத இறுதியில் நான்கு வினாக்களுக்கு விடை எழுதுக:

1. இம்மாதம் எத்தனை முறை சினந்து பேசினேன்?
2. என்னைக் கேளாமலே கீழுள்ளோர் சரியாகச் செய்து முடித்தவை எவை?
3. தவறு நேர்ந்தபோது மேலதிகாரியிடம் முதலில் யார் பெயரைச் சொன்னேன்?
4. என் குறையை அஞ்சாமல் என்னிடம் வந்து கூறியவர் உண்டா?

நான்காம் வினாவிற்கு மூன்று மாதம் தொடர்ந்து “இல்லை” என்றே விடை வருமாயின், குறையில்லை என்று மகிழற்க. அச்சம் நிறைந்துள்ளது என்று அறிக. ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு குறையைத் தேர்ந்து அதனைத் திருத்த முயல்க. ஓராண்டு கழித்து முதல் ஏட்டையும் இறுதி ஏட்டையும் அருகருகே வைத்துப் படிக்குங்கால், வளர்ச்சி உண்டா இல்லையா என்பது விளங்கும். பேரரசர் பாறையில் எழுதத் துணிந்ததை, நாம் தாளில் எழுதவேனும் துணிவோமாக.