டூரிஸ்டாகப் போனவர் மலேசியாவில் மாட்டிக்கொண்டால்

உங்கள் வீட்டுக்காரரோ, தம்பியோ, மகனோ டூரிஸ்டாக மலேசியா போய், நாள் முடிந்தும் திரும்பாமல் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையிலோ கட்டட வேலையிலோ இருக்கிறாரா? அப்படியென்றால் ஊரில் இருக்கும் நீங்கள் இதை முதலில் படியுங்கள். போலீஸ் வண்டியைக் கண்டாலே சந்துக்குள் ஒதுங்குகிற ஆளுக்கு நிதானமாக உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்காது. "இன்னும் ஆறு மாசம் இருந்து கடனை அடைச்சிட்டு வா" என்று சொல்வதும், "போதும், கிளம்பி வா" என்று சொல்வதும் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான். இரண்டாவதைச் சொல்லுங்கள் என்பதே என் ஆலோசனை. ஏன் என்பதையும், எப்படிக் கிளம்புவது என்பதையும் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியாவுக்குள் நுழைந்து 30 நாள் தங்கலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஊர் சுற்றவும் உறவினரைப் பார்க்கவும் வருகிறவர்களுக்காக வந்த சலுகை இது. புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஏஜென்ட்கள் இதையே வேலைக்கு ஆள் அனுப்பும் வழியாக ஆக்கிக்கொண்டார்கள். "முதல்ல டூரிஸ்டா போ, அங்க போனதும் பெர்மிட் போட்டுக்கலாம்" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் பல குடும்பங்கள் நகையை அடகு வைக்கின்றன.

அங்கே முறையான பெர்மிட் எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். முதலாளி அரசிடம் ஆள் எடுக்க அனுமதி வாங்க வேண்டும். தொழிலாளி ஊரில் இருக்கும்போதே அவர் பெயருக்குக் காலிங் விசா வர வேண்டும். அதைக் காட்டி உள்ளே போன பிறகு மருத்துவப் பரிசோதனை, அதற்கப்புறம் தற்காலிக வேலை பாஸ். டூரிஸ்டாக நுழைந்தவரை அப்படியே தொழிலாளியாக மாற்றித்தர எந்த ஏஜென்டாலும் முடியாது. மலேசிய அரசு அவ்வப்போது ஒரு திட்டம் அறிவித்து, சட்டவிரோதமாக இருப்பவர்களைக் குறிப்பிட்ட துறைகளில் பதிவு செய்துகொண்டது உண்மைதான். 2011-இல் 6பி, 2016-இல் ரீஹயரிங், 2023-இல் ஆர்.டி.கே. 2.0 என்று வந்தன. ஒன்று முடிந்தால் அடுத்தது எப்போது வரும், யாரைச் சேர்க்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஏஜென்ட் மட்டும் "அடுத்த மாசம் திட்டம் வருது, பேரைக் குடுத்து வைப்போம்" என்று சொல்லிக்கொண்டே தவணை வாங்குவார். திட்டம் வரும் என்று காத்திருந்தே ஆண்டுக்கணக்கில் நாள் கடந்துபோனவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன்.

மலேசியாவின் குடிநுழைவுச் சட்டம் 1959/63-இன் 15-ஆவது பிரிவு, அனுமதித்த நாளுக்கு மேல் தங்குவதைக் குற்றம் என்கிறது. கோர்ட்டில் நிரூபணமானால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 10,000 ரிங்கிட் என்றால் நம் பணத்தில் ஏறக்குறைய 2 லட்சம். டூரிஸ்டாக நுழையும்போது கிடைக்கும் விசிட் பாஸை வைத்துக்கொண்டு வேலை செய்வது தனிக் குற்றம். அதற்கு 30 நாள் முடிய வேண்டியதில்லை, வேலைக்கு நின்ற முதல் நாளே போதும்.

பிரம்படி விழுமா என்று பலரும் பயத்தோடு கேட்பார்கள். முறைப்படி முத்திரை வாங்கி நுழைந்து, நாள் கடந்தவர் 15-ஆவது பிரிவில் வருவார். அதில் பிரம்படி இல்லை. முத்திரையே இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்கள் மீது 6-ஆவது பிரிவு பாயும். அதில் அபராதம், சிறையோடு 6 பிரம்படி வரை உண்டு. பாஸ்போர்ட்டும் இல்லை, நகலும் இல்லை என்று பிடிபடுகிறவர், தான் கோலாலம்பூர் விமான நிலையம் வழியாக முறையாக வந்தவர் என்று எதைக் காட்டி நிரூபிப்பார்?

அதனால் இன்று ராத்திரி அவர் போன் பண்ணும்போது முதலில் இதைக் கேளுங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், மலேசிய முத்திரை விழுந்த பக்கம் இந்த மூன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முத்திரையில் நுழைந்த தேதி இருக்கும், அதிலிருந்து எத்தனை நாள் தங்கலாம் என்ற வரியும் இருக்கும். எழுத்தும் எண்ணும் படிக்கிற மாதிரி தெளிவாக விழுந்திருக்கிறதா பாருங்கள். போன டிக்கெட்டும் போர்டிங் பாஸும் இருந்தால் அவற்றையும் அனுப்பச் சொல்லுங்கள். அவர் போன் தொலையலாம், தங்கியிருக்கும் அறையில் ரெய்டு வரலாம். உங்களிடம் ஒரு பிரதி பத்திரமாக இருக்க வேண்டும்.

"பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்கு" என்று அவர் சொன்னால், அதுவும் அங்கே குற்றம். அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பதற்கு மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தில் 10,000 ரிங்கிட் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. முதலாளியிடம் இதைச் சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டாம். "டிக்கெட் போட்டாச்சு, பாஸ்போர்ட் வேணும்" என்று தன்மையாகக் கேட்கட்டும். தரவில்லை என்றால் அந்த விவரத்தைக் கோலாலம்பூர் இந்திய ஹை கமிஷனுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். முதலாளி காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். சட்டவிரோதமாக ஆள் வைத்தால் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அவருக்கும் அபராதம் உண்டு. ரெய்டு வரும் நேரத்தில் அவர் தன் தலையைத்தான் முதலில் பார்ப்பார்.

பிடிபடுவதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது உடம்பு. அங்கே அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. பாஸ் இல்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்று மலேசிய சுகாதார அமைச்சு 2001-இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதனால் நெஞ்சுவலி வந்தாலும் சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்தாலும் இவர்கள் அறையிலேயே கிடக்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர் என்றால் மாத்திரை ஒழுங்காக வாங்குகிறாரா என்று கேளுங்கள். மழுப்பினால், அவரைக் கிளம்பச் சொல்ல வேறு காரணமே வேண்டாம்.

இனி கிளம்பும் வழி. தாமாக முன்வந்து ஊர் திரும்புகிறவர்களைக் கோர்ட்டில் நிறுத்தாமல், ஒரு தண்டத்தொகை வாங்கிக்கொண்டு அனுப்பும் திட்டங்களை மலேசியா பலமுறை நடத்தியிருக்கிறது. 2019-இல் நடந்த திட்டத்தில் 700 ரிங்கிட் வாங்கினார்கள். 2024 மார்ச் முதல் டிசம்பர் வரை புலம்பெயர்ந்தோரைத் திருப்பி அனுப்பும் திட்டம் நடந்தது. அதன் இரண்டாம் சுற்று 2025 மே 19 முதல் 2026 ஏப்ரல் 30 வரை என்று அறிவிக்கப்பட்டது. நாள் கடந்து தங்கியவருக்கு 500 ரிங்கிட், பாஸின் நிபந்தனையை மட்டும் மீறியவருக்கு 300, வெளியேறும் சிறப்பு பாஸுக்கு 20. கோர்ட் அபராதமான 10,000 எங்கே, இந்த 520 எங்கே! இப்படி ஒரு திட்டம் திறந்திருக்கிற காலத்தில் அவர் அங்கே இருந்தால், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். எந்தத் திட்டம் நடக்கிறது என்பதை மலேசியக் குடிநுழைவுத் துறையின் அறிவிப்பில் மட்டும் பாருங்கள். டிக்டாக் வீடியோவையும் வாட்ஸ்அப் குரல் பதிவையும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இதற்கு ஏஜென்ட் தேவையில்லை. இந்தத் திட்டத்துக்கு இடைத்தரகர் யாரையும் நியமிக்கவில்லை என்று குடிநுழைவுத் துறையே சொன்னது. கையில் இருக்க வேண்டியவை செல்லுபடியாகும் பாஸ்போர்ட், தேதி போட்ட ஊர் டிக்கெட், தண்டத்தொகை. குடிநுழைவு அலுவலகத்துக்கு நேரில் அவரே போக வேண்டும், கைரேகை அவருடையதுதான் வேண்டும். "3,000 ரிங்கிட் குடு, ஏர்போர்ட்ல ஆள் இருக்கு, சத்தமில்லாம ஏத்தி விட்டுருவோம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பணம் போய்விடும், உங்கள் ஆள் கவுண்டரில் மாட்டவும் செய்வார். போலிப் பாஸ் ஒட்டித் தருகிறேன் என்பவர்கள் இதைவிட ஆபத்து. நாள் கடந்ததோடு நின்றிருக்கும் வழக்கு, போலி ஆவண வழக்காக மாறிவிடும். அவர் மீது அங்கே போலீஸ் வழக்கோ பிடிவாரண்டோ இருந்தால் மட்டும் கவுண்டருக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடட்டும்.

பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் அல்லது காலாவதியாகியிருந்தால் இந்திய ஹை கமிஷனில் எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்கலாம். வளைகுடாக்காரர்கள் அவுட் பாஸ் என்பார்களே, அதுதான். ஒருவழியாக இந்தியா திரும்ப மட்டுமே அது செல்லும். தொலைந்ததற்குப் போலீஸ் புகார், போட்டோ, பழைய பாஸ்போர்ட் நகல், ஊர் முகவரிக்கான ஆதாரம் கேட்பார்கள். நான் வாட்ஸ்அப்பில் வாங்கி வைக்கச் சொன்ன படங்கள் இங்கே கைகொடுக்கும். ரேஷன் கார்டு, ஆதார் நகலை நீங்கள் அனுப்பி வையுங்கள். இந்தச் சான்றிதழ் கிடைத்தாலே விமானம் ஏறிவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. குடிநுழைவுத் துறையில் வெளியேறும் அனுமதியும் வாங்கினால்தான் ஏற முடியும்.

டிக்கெட்டுக்கும் வழி இல்லாதவர்கள் இந்திய சமூக நல நிதியைக் கேட்டு மனு எழுதலாம். 2009-இல் தொடங்கிய இந்த நிதி எல்லாத் தூதரகங்களிலும் இருக்கிறது. தொழிலாளி மீது தவறில்லாத சூழலில், சட்டவிரோதத் தங்கலுக்கான சிறிய அபராதத்தையும் விமானச் செலவையும் இதிலிருந்து கொடுக்க விதி இடம் தருகிறது. ஏஜென்ட் ஏமாற்றிய கதைக்கு ஆதாரம் வேண்டும் என்பதால் பணம் கொடுத்த ரசீது, ஏஜென்டோடு பேசிய செய்திகள் எல்லாவற்றையும் மனுவோடு வையுங்கள். ஊரிலிருந்து நீங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் மதாத் இணையதளத்திலும், சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத் துறையிலும் மனுப் போடலாம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் அது அந்தத் துறைக்குப் போய்ச் சேரும். எங்கே கொடுத்தாலும் மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றால், எந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன்பும் மொழிபெயர்ப்பாளர் கேட்கச் சொல்லுங்கள். "இந்திய ஹை கமிஷனுக்குத் தகவல் சொல்லுங்கள்" என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. 14 நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று மலேசியக் குடிநுழைவுச் சட்டமே சொல்கிறது. எந்த டெப்போவில், அதாவது குடிநுழைவுத் தடுப்பு முகாமில், வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். செமினி, புக்கிட் ஜாலில், லெங்கெங், ஜூரு, பெக்கான் நெனாஸ் என்று பல இடங்களில் டெப்போக்கள் இருக்கின்றன. தண்டனைக் காலம் முடிந்தும் டிக்கெட் இல்லாததாலேயே உள்ளே கிடப்பவர்கள் உண்டு. ஆகவே வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தோடு டிக்கெட் பணத்தையும் தனியாக எடுத்து வையுங்கள்.

நாள் இன்னும் முடியாதவர்களுக்குச் சில வார்த்தை. 30 நாள் என்பதை ஒரு மாதம் என்று கணக்குப் போடாதீர்கள். நுழைந்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள். மார்ச் 5 நுழைந்தவருக்கு ஏப்ரல் 3-உடன் முடிகிறது. ஏப்ரல் 4 அதிகாலை 12.40 விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு, 3-ஆம் தேதி ராத்திரி நெரிசலில் கவுண்டர் வரிசையில் நின்று கடிகாரம் பார்ப்பது வீண் வம்பு. இரண்டு நாள் முன்பே கிளம்பிவிடுங்கள். நோய், விபத்து என்றால் நாள் முடிவதற்கு முன்பே மருத்துவமனைக் கடிதத்தோடு குடிநுழைவு அலுவலகத்தில் நீட்டிப்புக் கேளுங்கள். தாய்லாந்து எல்லை தாண்டி ஹாட்யாய் போய் வந்தால் புதிதாக 30 நாள் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. திரும்பி வருகிறவரை உள்ளே விடுவதும் விடாததும் அந்த அதிகாரியின் முடிவு. சந்தேகப்பட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்.

திரும்பி வந்தவர் மறுபடி அங்கே போக முடியுமா என்றால், கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். புதுப் பாஸ்போர்ட் எடுத்துப் போனாலும் கைரேகை காட்டிக்கொடுத்துவிடும். அந்த எண்ணத்தில் மறுபடி ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள்.

வேலைக்குத்தான் போக வேண்டும் என்றால் அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்டா என்று இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டும்தான். பத்தாவது தேறாதவர் மலேசியாவில் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். டூரிஸ்டாக அனுப்பும் ஏஜென்ட் உங்களுக்குக் கிடைக்கவிடாமல் செய்வது இந்தப் பாதுகாப்பைத்தான். பதிவில்லாமல் ஆள் அனுப்புகிறவருக்கு 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. மாட்டிக்கொண்டிருந்தவர் ஊர் வந்து சேர்ந்ததும், ஏஜென்டுக்குப் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தையும் முத்திரை விழுந்த பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டு எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுங்கள். ஏஜென்ட் உறவுக்காரராக இருந்தாலும் கொடுங்கள்.