வண்டி மலையேறி வருவதற்குள்

கேள்வி: நாங்கள் வத்தல்மலையில் குடியிருக்கிறோம். தீயணைப்பு வண்டி தருமபுரியிலிருந்து கிளம்பி, இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வரவேண்டும். மாசி, பங்குனி வந்தாலே சரிவில் எங்காவது புகை தெரிகிறது. வீட்டிலோ காப்பித் தோட்டத்திலோ தீப்பிடித்தால், வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடாதா? கூப்பிட்டு என்ன பயன் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். பணம் கேட்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

– வாசகர், வத்தல்மலை, தருமபுரி மாவட்டம்

பதில் (ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்): பணத்தைப் பற்றிய தயக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். தீயை அணைக்கவோ ஆபத்தில் சிக்கியவரை மீட்கவோ அழைத்தால் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவதும் இந்தத் துறையின் வேலைதான்.

கூப்பிட்டுப் பயன் உண்டா என்றால், மலையில் இருப்பவர்கள்தான் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கூப்பிட வேண்டும். நாமே அணைத்துப் பார்ப்போம், முடியாவிட்டால் சொல்வோம் என்று இருப்பதுதான் கிராமங்களில் பெரிய இழப்புக்குக் காரணம். புகையைப் பார்த்ததுமே 101 அல்லது 112-க்கு அழையுங்கள். வண்டி பாதி வழியில் இருக்கும்போது தீ அணைந்துவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெரியூரா, சின்னாங்காடா, பால்சிலம்பா என்று ஊரைச் சொல்லுங்கள். எரிவது வீடா காடா, உள்ளே ஆள் சிக்கியிருக்கிறார்களா, வண்டி எதுவரை வரமுடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். செல்போன் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கும் என்பது வீட்டில் சிறுவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

வண்டியில் 4,000 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதன் எடை மட்டுமே 4 டன். அந்தச் சுமையோடு வளைவுகளில் வேகமாக ஏற முடியாது. ரோட்டில் நிற்கும் வாகனங்களை ஒதுக்கி, பிரிவுப் பாதையில் டார்ச் லைட்டோடு ஓர் ஆளை நிறுத்துங்கள். வண்டிக்காரர்களுக்கு அது பெரிய உதவி.

வண்டி வரும்வரை உங்கள் ஊர்தான் தீயணைப்பு நிலையம். வீட்டில் தீ என்றால் ஆட்களை வெளியேற்றி, மெயின் சுவிட்சை அணையுங்கள். மின்சாரம் நிற்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கட்டுத்தரையில் மாடுகள் இருந்தால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்காமல் கயிற்றை அறுத்துவிடுங்கள். பட்டா, ரேஷன் கார்டு என்று எதை எடுக்கவும் மறுபடி உள்ளே போகாதீர்கள். ஒரு கூரை முழுதாகப் பற்றிக்கொண்டால் உங்கள் குடத்துத் தண்ணீரால் அதைக் காப்பாற்ற முடியாது. அந்தத் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக் கூரையிலும் தட்டுப்போரிலும் ஊற்றி நனையுங்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையல் கூடத்துக் கீற்றில் பற்றிய தீ, வகுப்பறைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. கீற்றில் தீ தாவும் வேகத்தை யாரும் குறைத்து எடைபோட வேண்டாம்.

சிலிண்டரில் ரெகுலேட்டர் பக்கம் தீப்பிடித்தால் பலரும் ஓடிவிடுகிறார்கள். தீ சிறிதாக இருக்கும்போதே கோணிப்பையைத் தண்ணீரில் முக்கி, இரண்டு முனைகளையும் கை மறையும்படி மடித்துப் பிடித்து, உங்கள் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாகச் சிலிண்டரின் தலையில் மூடி அழுத்துங்கள். காற்று கிடைக்காமல் தீ அடங்கும். உடனே ரெகுலேட்டரை மூடுங்கள். தீ பெரிதாகி சிலிண்டரே சூடேறிவிட்டால் கிட்டே போகாதீர்கள், எல்லோரும் விலகிவிடுங்கள். தீப்பிடிக்காமல் கசிவு மட்டும் இருந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்துவைத்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

சரிவில் எரியும் தீ வேறு ரகம். அது மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். தன் சூட்டிலேயே மேலே உள்ள புல்லை உலர்த்திக்கொண்டு போகும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றம் வந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்லும் காற்றும் சரிவும் அங்கே ஒன்றுசேர்ந்துகொண்டன. ஆகவே தீக்கு மேல்பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். பக்கவாட்டில் விலகி, பாறையிலோ ஏற்கெனவே எரிந்து முடிந்த தரையிலோ நில்லுங்கள். முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் புல் தீயை, எரிந்து முடிந்த பக்கம் நின்று பச்சைத்தழையால் அடித்து அணைக்கலாம். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரை நன்றாகக் கழுவித் தண்ணீர் நிரப்பினால் அது இதற்கு அருமையான கருவி. மரத்தில் ஏறிவிட்ட தீயை வனத்துறைக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் விட்டுவிடுங்கள். தீக்காயம் பட்டவருக்கு இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பேஸ்ட், மை எதுவும் தடவாமல் 108-ஐ அழையுங்கள்.

இவையெல்லாம் தீ வந்த பிறகு. தை மாதமே வீட்டையும் தோட்டத்தையும் சுற்றிச் சருகைக் கூட்டி, வெறும் மண் தெரியும்படி தடுப்புக்கோடு எடுங்கள். சில்வர் ஓக் இலைகளைக் கொளுத்தாமல் குழியில் போட்டு மக்கவிட்டால் எருவும் ஆகும். காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மேய்ச்சலுக்குப் புதுப்புல் வரட்டும் என்று வைக்கும் தீயும் அதில் அடங்கும்.

இன்னொன்று செய்யுங்கள். ஒத்திகையும் செயல்விளக்கமும் நடத்திக்காட்டுவது தீயணைப்பு நிலையத்தின் கடமைகளில் ஒன்று. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த வீரர்களின் நினைவாக ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. உங்கள் மலைக்கு அதுவரை காத்திருக்க முடியாது. பிப்ரவரியிலேயே காடு காய்ந்துவிடும். ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: எங்கள் ஊருக்கு வந்து பயிற்சி கொடுங்கள், வண்டி தண்ணீர் நிரப்ப ஓர் இடம் ஒதுக்குங்கள் என்று. அதைத் தீர்மானமாக எழுதவைத்து, நகலை நிலைய அலுவலரிடம் நேரில் கொடுங்கள். பெண்களையும் இளைஞர்களையும் பயிற்சிக்குக் கட்டாயம் அனுப்புங்கள். பகலில் ஊரில் இருப்பவர்கள்தான் தீயை முதலில் பார்ப்பார்கள்.