காசு செலவில்லாத கோடை: பிள்ளைகளோடு வெளியே இறங்க முழுமையான வழிகாட்டி

முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்கு முன்பே கோடை முகாம் துண்டறிக்கைகள் செய்தித்தாளோடு வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. ஓவியம், அபாகஸ், ரோபாட்டிக்ஸ், நடனம் என்று நீளும் பட்டியலில் பெரும்பாலானவை நான்கு சுவருக்குள் நடப்பவை. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இருவருக்கும் பணம் கட்டினால் மாத மளிகைக்குக் கையில் காசு நிற்காது. கட்ட முடியாத வீடுகளில் பிள்ளை கைப்பேசியும் கையுமாகக் கட்டிலில் கிடக்கிறது. இந்த இரண்டை விட்டால் வேறு வழியில்லை என்று நினைக்கும் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். வழி இருக்கிறது, அதற்குப் பணமும் அதிகம் தேவையில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் தன் நேரத்தைத் தர வேண்டும். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து இதைப் படியுங்கள்.

முதல் படி: வெயிலைப் பார்த்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கோடையில் வெளியே விளையாடுவது ஆபத்தா இல்லையா என்பதைக் கடிகாரம்தான் முடிவு செய்கிறது. பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வெயிலில் போக வேண்டாம் என்று ஒவ்வோர் ஆண்டும் அரசு எச்சரிக்கிறது. பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டி, காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை நிழல் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே 4 வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசிவரை நீளும் அக்னி நட்சத்திர நாட்களில் இதில் தளர்வே வேண்டாம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்துவிடும். வேலூர், கரூர், திருச்சிப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. அங்கே மாலை 5 மணிக்கு மேல் இறங்குவதே நல்லது.

அப்படிப் பார்த்தால் காலை 6 முதல் 9 வரை ஒரு பொழுது, மாலை 5 முதல் இருட்டும்வரை ஒரு பொழுது, இரவில் மொட்டை மாடி என்று மூன்று நல்ல பொழுதுகள் கையில் இருக்கின்றன. விடுமுறை என்று பிள்ளையை எட்டு மணிவரை தூங்கவிட்டால் அன்றைய நாளின் மிகச் சிறந்த பகுதி போய்விடும். நான் கண்டிப்பு காட்டச் சொல்வது இந்த ஒன்றில்தான்.

இரண்டாம் படி: ஒரு துணிப்பை

ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, பழைய போர்வை ஒன்று, நோட்டு, பென்சில், சாக்பீஸ், ரப்பர் பந்து, கொஞ்சம் நூல். புதிதாக வாங்கினாலும் பந்துக்கும் நோட்டுக்கும்தான் செலவு. சட்டை தளர்வான பருத்தியாக இருக்கட்டும், காலில் கட்டாயம் செருப்பு இருக்கட்டும்.

பிள்ளை அதிகம் வியர்த்துக் களைத்தால் கொடுக்க ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றும் பையில் கிடக்கட்டும். அது இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து வைத்துக்கொள்ளலாம். மோர், பானகம், இளநீர் எதுவும் நல்லதுதான். உடம்பு நெருப்பாகக் கொதிப்பது, பேச்சு குழறுவது, வாந்தி, மயக்கம் ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளிவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மூன்றாம் படி: காலையில் தெருவைச் சுற்றுங்கள்

முதல் வாரம் தொலைவுக்குப் போக வேண்டாம். வீட்டிலிருந்து அரை மணி நேரம் நடந்து திரும்பும் வட்டம் போதும். ஏப்ரல், மே மாதங்களில் நம் தெருக்களில் நடப்பதைப் பார்க்க வேறு மாதங்களில் வாய்ப்பில்லை. சரக்கொன்றை மஞ்சள் சரமாகத் தொங்குகிறது. புங்க மரத்தடியில் பூ உதிர்ந்து தரையே தெரியாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரத்தைத் தனதாக்கிக்கொண்டு வாரம் ஒருமுறை அதை வரையட்டும். தளிர், பூ, காய், எறும்பு என்று விடுமுறை முடிவதற்குள் நோட்டில் அந்த மரத்தின் கதை சேர்ந்துவிடும்.

பறவைகளில் குயிலிலிருந்து தொடங்கச் சொல்வேன். குயில் கூவுவதைக் கேட்காத பிள்ளை இல்லை, ஆனால் அதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் குறைவு. ஆண் குயில் கன்னங்கறுப்பு, கண் சிவப்பு. பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், பலர் அதை வேறு ஏதோ பறவை என்றே நினைக்கிறார்கள். கோடை, காக்கை கூடு கட்டும் காலமும்கூட. காக்கை குச்சியும் கம்பியும் கவ்விக்கொண்டு எந்த மரத்துக்குப் போகிறது என்று பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். கூடு தெரிந்ததும் தள்ளி நின்று பொறுமையாகப் பார்த்தால், அதைச் சுற்றியே குயில் வட்டமிடுவது தெரியும். பெண் குயில் தன் முட்டையை அந்தக் கூட்டில்தான் இடுகிறது. காக்கை குயிலைத் துரத்துவதன் காரணத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

இன்னும் சிறியவர்களுக்குக் குழியானை இருக்கிறது. மழை படாத சுவரோரம், தாழ்வாரம், கோயில் மண்டபத்து ஓரம் என்று புழுதி மண் எங்கிருந்தாலும் சின்னச் சின்னப் புனல் குழிகள் தெரியும். குழியின் விளிம்பில் ஒரு துரும்பால் மெல்லத் தட்டினால் மண் சரியும், அடியிலிருந்து பூச்சி மண்ணை வாரி இறைக்கும். எறும்பு வழுக்கி விழும் என்று காத்திருக்கும் இளம்புழு அது. வளர்ந்ததும் தும்பியைப் போன்ற மெல்லிய சிறகோடு பறந்துவிடும். கையில் எடுத்துப் பார்த்தால் திரும்ப அதே மண்ணில் விட வேண்டும், அவ்வளவுதான் விதி.

கல்லைப் புரட்டுவதும் பொந்துக்குள் கை விடுவதும் மட்டும் கூடாது. பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கட்டுவது எதுவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நான்காம் படி: உச்சி வெயிலுக்கு நிழல் வேலை

நுங்குக் காலம் இது. நுங்கைத் தின்ற பிறகு மிஞ்சும் வெற்றுக் காயை, அதாவது கூந்தலை, குப்பையில் போடாதீர்கள். ஒரே அளவான இரண்டு கூந்தல்களை எடுத்து, சாண் நீளக் குச்சி ஒன்றின் இரு முனைகளிலும் குத்திப் பொருத்தினால் சக்கரமும் அச்சும் தயார். நீளமான கவட்டைக் குச்சியின் கவையை அந்த அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். காசு கொடுத்து வாங்கிய பொம்மைக் காரைவிட இது அதிக நாள் பிள்ளையைப் பிடித்து வைக்கும், ஏனென்றால் உடைந்தால் தானே சரிசெய்துகொள்ளலாம். பனையோலைத் துண்டில் கருவேல முள்ளைச் செருகிக் காற்றாடி செய்யலாம். பூவரச இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கினால் பீப்பீ. உங்களுக்கு மறந்துபோயிருந்தால் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். இந்த வேலையில் அவர்கள்தாம் ஆசிரியர்கள்.

மரத்தடியில் மண்ணைத் தோண்டி இரண்டு வரிசையாகப் பதினான்கு குழி போட்டால் பல்லாங்குழி, காய்க்குப் புளியங்கொட்டை. திண்ணையில் சாக்பீஸால் கட்டம் வரைந்தால் ஆடுபுலி. மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு. ஆடுகளை ஒற்றுமையாக நகர்த்திப் புலியை அடைப்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் எட்டும்.

உச்சி வெயிலில் வெளியே வர நான் அனுமதிக்கும் நாள் ஒன்றே ஒன்றுதான், நிழலில்லா நாள். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், மதுரையில் 16 வாக்கில், கோவையிலும் திருச்சியிலும் 18 வாக்கில், சென்னையில் 24, 25 வாக்கில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது. சமதரையில் நிமிர்த்தி வைத்த பாட்டிலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். சென்னையில் இது பகல் 12:07 மணி அளவில், கோவையில் 12:20-ஐ ஒட்டி. தொப்பி போட்டு ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடலாம். கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி கிடையாது.

ஐந்தாம் படி: மாலையில் ஓட்டம்

நொண்டி, கண்ணாமூச்சி, பச்சைக்குதிரை உங்களுக்கே தெரியும். கூட்டமாகப் பிள்ளைகள் சேர்ந்தால் ஏழுகல் போல வேறில்லை. தட்டையான ஏழு ஓடுகளை அடுக்குங்கள். ஒரு அணி பந்தால் அடித்து அதைக் கலைக்கும். கலைத்தவர்கள் திரும்ப அடுக்கி முடிப்பதற்குள் எதிரணி பந்தால் அவர்கள் மேல் அடிக்க வேண்டும். அடி பட்டவர் ஆட்டமிழப்பார். மெத்தென்ற பந்தோ துணிப்பந்தோ போதும். ஓடத் தெரிந்தவன், குறி பார்ப்பவள், அடுக்குவதில் கெட்டிக்காரச் சின்னவன் என்று எல்லோருக்கும் இதில் இடமுண்டு. கிரிக்கெட்டில் அப்படி இல்லை, சின்னப் பிள்ளை கடைசிவரை பந்து பொறுக்கிக்கொண்டே நிற்கும்.

கிட்டிப்புள் ஆடும்போது பார்க்கும் பிள்ளைகளை நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள், புள் கண்ணில் பட்டால் பார்வையே போகும். பட்டத்துக்குச் சாதாரண பருத்தி நூல் மட்டும்தான். நைலான் மாஞ்சா நூலை 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்தது. வண்டியில் போகிறவர்களின் கழுத்தை அறுத்து உயிரைக் குடித்த நூல் அது.

ஆறாம் படி: தண்ணீரில் கவனம்

ஒவ்வொரு கோடையிலும் கிணற்றிலும் கல்குவாரிக் குட்டையிலும் ஏரியிலும் பிள்ளைகள் மூழ்கிச் சாகும் செய்தி வருகிறது. அந்தச் செய்திகளைப் படிக்க மனம் தாங்கவில்லை. பயந்துகொண்டு தண்ணீரையே விலக்கிவிட்டால் பிள்ளை நமக்குத் தெரியாமல் போகும். ஆகவே நீச்சல் கற்றுக்கொடுங்கள். மாநகராட்சிக் குளமோ விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளமோ அருகில் இருந்தால் கோடைப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள், தனியார் குளங்களைவிடச் செலவு குறைவு. கிராமத்தில் என்றால் நன்கு நீந்தத் தெரிந்த பெரியவர் கூடவே இறங்க வேண்டும். சுரைக்குடுக்கையோ டியூபோ இடுப்பில் கட்டியிருக்க வேண்டும், படியுள்ள கிணறாக இருக்க வேண்டும். குவாரிக் குட்டை எந்நாளும் வேண்டாம். மெரினாவில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அலையின் இழுப்பு அங்கே கடுமை.

ஒருவர் மூழ்கினால் பின்னாலேயே குதிக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பதிய வையுங்கள். கத்திக் கூப்பிட வேண்டும். கயிறு, சேலை, மூடிய வெற்றுக் கேன், எது கையில் கிடைக்கிறதோ அதை வீச வேண்டும்.

ஏழாம் படி: இரவு மொட்டை மாடி

பாய் விரித்து, தட்டில் நிலாச்சோறு பிசைந்து கொடுத்துவிட்டு வடக்கே பாருங்கள். ஏழு விண்மீன்கள் அகப்பை வடிவில் நிற்பது சப்தரிஷி மண்டலம். அதன் காம்பில் கடைசிக்கு முந்தியது வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. கல்யாணத்தில் காட்டுகிறார்களே, அதேதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிகிறதா என்று பிள்ளைகள் போட்டி போடட்டும். மே நடுவில் இரவு 9 மணிக்குத் தென் அடிவானம் மறைக்காத மாடியென்றால், தாழ்வாகத் தென் சிலுவையும் தெரியும்.

எட்டாம் படி: மாதம் ஒரு சிறு பயணம்

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அம்மாவோ பாட்டியோ கூட்டிப் போனால் செலவு இன்னும் குறையும். சென்னையில் பெசன்ட் நகர்க் கடற்கரையில் காலை 5:45 வாக்கில் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம். மதுரைக்காரர்கள் கீழக்குயில்குடி சமணர் மலைக்கோ அரிட்டாபட்டிக்கோ போகலாம். அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். சமணர் படுகை, தமிழி எழுத்து, பாண்டியர் குடைவரை, பாறை உச்சியில் வல்லூறு எல்லாம் ஒரே குன்றுத் தொடரில் இருக்கின்றன. பாறை சுடுவதற்குள், ஒன்பது மணிக்கு முன் இறங்கிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: விடுமுறையின் முதல் நாளில் விதை

உடைந்த வாளியோ அரிசிச் சாக்கோ எடுத்து அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி, சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவுங்கள். காலை மாலை கையால் தெளித்தால் போதும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறிக்கலாம். பிள்ளை தானே வளர்த்த கீரையைத் தட்டில் ஒதுக்குவது அரிது. பக்கத்திலேயே அகன்ற மண் சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குப் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்து, கொசு சேராமலிருக்கத் தினமும் மாற்றும் வேலையையும் பிள்ளையிடமே கொடுங்கள்.

கடைசிப் படி: தெருவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

இதுவரை சொன்ன எல்லாமே கூட ஒரு பெரியவர் இருந்தால்தான் நடக்கும். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இதுதான் பெரிய தடை. தெருவில் ஐந்தாறு குடும்பங்கள் பேசி, ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டால் வாரம் முழுதும் பிள்ளைகளுக்கு மேற்பார்வை கிடைக்கும். பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளையையும், கட்டட வேலைக்கு வந்திருக்கும் குடும்பத்துப் பிள்ளையையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். விளையாட இடமில்லை என்றால் சுற்றிப் பாருங்கள். அருகிலுள்ள பள்ளி மைதானம் விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடக்கும். காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் அதைத் திறந்துவிடக் கேட்டு, பத்துப் பெற்றோர் கையெழுத்திட்டுத் தலைமையாசிரியருக்கும் வார்டு உறுப்பினருக்கும் மனு கொடுங்கள். தேர்வு முடியும்வரை காத்திருக்காமல் மார்ச் மாதமே கொடுத்துவிடுங்கள்.