கிழமையை விடாதே

அன்புள்ள கயல்விழி,

நீ அனுப்பிய குறிப்புகளைப் பார்த்தேன். அப்சிடியன் குறிப்புச் செயலியில் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் இணைப்புக் கொடுத்து ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறாய். ஆனால், தஞ்சைப் பெரிய கோயில் விமான உச்சிக்கு ராஜராஜன் செப்புக்குடம் கொடுத்த நாளுக்கு நேராக 1010-01-01 என்று போட்டிருக்கிறாயே, அந்த ஜனவரி முதல் தேதி எங்கிருந்து வந்தது? 'தேதிப் பெட்டி முழுத் தேதி கேட்டது, ஐயா' என்பாய். பெட்டி கேட்டால் கொடுத்துவிடுவதா?

கல்வெட்டில் இருப்பது 25ஆம் ஆட்சியாண்டு, 275ஆம் நாள். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையே என்பது கல்வெட்டறிஞர் கீல்ஹார்னின் கணிப்பு. அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், 1010 மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் நடுவில் எங்கோ வந்து நிற்கும். அதற்குமேல் ஒரு நாளைக் குறித்துச் சொல்ல இந்தக் கணக்கில் வழியில்லை. நாளைக்கு நீ பட்டியலை வரிசைப்படுத்தும்போது, உன் ஜனவரி 1 உண்மையான தேதிகளோடு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். எது நீயாகப் போட்டது என்று உனக்கே தெரியாது.

ஆகவே ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டு வை. முதலாவது, ஆவணம் சொன்னபடியே எழுத்துப் பிசகாமல். இரண்டாவது, நீ கணித்தது. இரண்டுமே 'டெக்ஸ்ட்' வகையாக இருக்கட்டும், 'டேட்' வேண்டாம். கணித்ததை 1010-03/1010-04 என்று எழுது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வகுத்த முறை இது; 2019இல் ஐஎஸ்ஓ 8601 தரத்திலும் சேர்ந்துவிட்டது. சாய்கோடு போட்டால் 'இதிலிருந்து இதுவரை', கேள்விக்குறி போட்டால் சந்தேகம். இன்னொன்று: 985ஐ 0985 என்று எழுது. இல்லையென்றால் எழுத்து வரிசையில் அது 1010க்குப் பின்னால் போய்விடும். எக்செல் பக்கம் போகவே போகாதே. 1900க்கு முன்னால் உலகமே இருந்ததில்லை என்பது அதன் நம்பிக்கை.

இனி உன் கேள்வி. 1746இல் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே சென்னையைப் பிடித்தது செப்டம்பர் 10ஆ, 21ஆ? இரண்டும் சரி. சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் எழுதியது பழைய ஜூலியன் கணக்கு. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் எழுதியது கிரிகோரியன். இரண்டுக்கும் அப்போது 11 நாள் வித்தியாசம். புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கோ அது அட்சய வருஷம், புரட்டாசி மாதம். மூன்று கணக்கிலும் மாறாதது ஒன்றுதான்: அன்றைக்குப் புதன்கிழமை.

இதை நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மாதமும் தேதியும் அரசாங்கம் மாற்றினால் மாறும். கிழமை மாறாது. 1752இல் ஆங்கிலேயர் 11 நாளைத் தூக்கி எறிந்தபோதுகூட, செப்டம்பர் 2 புதனுக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழனாகத்தான் விடிந்தது. உன் மென்பொருளிடம் 1746 செப்டம்பர் 10 என்ன கிழமை என்று கேட்டுப் பார். சனி என்று சாதிக்கும். கிரிகோரியன் கணக்கைக் காலம் முழுவதற்கும் பின்னோக்கி நீட்டுவது அதன் வழக்கம். ஆவணத்தில் புதன், கணினியில் சனி என்றால், அந்தத் தேதி ஜூலியனாக இருக்கலாம் என்பதற்கு அதுவே துப்பு. பிள்ளை தம் தினப்படிக் குறிப்பில் கிழமையையும் சேர்த்து எழுதியவர். உன் குறிப்புகளில் கிழமை ஓரிடத்திலாவது உண்டா? தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். மூன்றாவது பெட்டி கிழமைக்கு.

இரவில் தூக்கம் வராவிட்டால் நான் புரட்டுவது எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் 'இந்தியன் எஃபிமெரிஸ்'. பின்னாளில் சென்னைச் சட்டமன்றத் தலைவராகவும் இருந்த மனிதர், கி.பி. 700 முதல் 1799 வரை பஞ்சாங்கம் போட்டுத் தந்திருக்கிறார். கணினி கிடையாது, பார்த்துக்கொள். கல்வெட்டில் திதியும் நட்சத்திரமும் கிழமையும் மூன்றும் இருந்தால், அந்தப் பக்கங்களில் விரல் வைத்து நாளைப் பிடித்துவிடலாம். உன் தலைமுறைக்கு அதைத் திறக்கவே சோம்பல்.

அட்சய என்று மட்டும் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளையும் திருத்து. 60 ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்பி வரும்: 1746, 1806, 1866. அதோடு, அட்சய என்றால் 1746 என்று மூடிவிடாதே. தையும் மாசியும் 1747இல் கிடக்கின்றன.

திருத்துவதை 1752க்கு முந்தைய கோட்டை ஆவணங்களில் தொடங்கு. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளை முதலில் பார். அவர்களுக்கு அன்று புத்தாண்டு மார்ச் 25; அதனால் வருஷம் ஒன்று குறைவாக இருக்கும். சிலர் 1747/48 என்று இரண்டையும் எழுதியிருப்பார்கள். அந்தச் சாய்கோடு வேறு, நான் மேலே சொன்ன சாய்கோடு வேறு. அதை முதல் பெட்டியில் அப்படியே வைத்துவிட்டு, இரண்டாவதில் 1748 என்று எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்