மரவுரி தரும் மரம்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. காட்டுக்குப் போன ராமன் மரவுரி உடுத்தினான் என்கிறார்களே, மரப்பட்டையை எப்படி உடுத்துவது, உடம்பெல்லாம் கீறாதா என்று கேட்டிருக்கிறாய். அதெல்லாம் அந்தக் காலம் என்று வகுப்பில் சொல்லி முடித்துவிட்டார்களாம். அந்தக் காலம் மட்டுமில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் உகாண்டாவில், விக்டோரியா ஏரிக்கு வடக்கே புகாண்டா என்றொரு பழைய அரசு இருக்கிறது. அங்கே இன்றைக்கும் மரவுரி செய்கிறார்கள்.

அதற்கான மரத்தை அவர்கள் முத்துபா என்பார்கள். தாவர நூல்களில் ஃபைகஸ் நடாலென்சிஸ். ஃபைகஸ் என்றதும் நீ பிடித்திருப்பாய்: நம் ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் அந்தப் பேரினம்தான். காம்பைக் கிள்ளினால் பால் வடியும். பறவை தின்று எச்சமிட்ட விதை வேறொரு மரத்தின் கவட்டில் முளைத்து, வேரைக் கீழே இறக்கி அந்த மரத்தையே நெரித்துவிடுவதும் உண்டு. ஆனால் புகாண்டாவின் விவசாயி விதைக்காகக் காத்திருப்பதில்லை. நம் ஊரில் வேலிக்குக் கிளுவை நடுவதுபோல, நல்ல தடிமனான போத்தாக வெட்டி ஊன்றிவிடுகிறான், துளிர்த்துக்கொள்ளும். எப்போதும் இலையோடு நிற்கிற மரம் என்பதால் வாழைக்கும் காப்பிக்கும் நிழல். உதிர்ந்த இலை மண்ணுக்கு உரம். வரப்பில் நட்டால் எல்லைக்கு அடையாளம், ஆடுமாட்டுக்குத் தழை. இத்தனையும் கூடுதல் வரவு. வீட்டு ஓரத்தில் அதை வளர்த்ததன் முதல் காரணம் பட்டைதான்.

இனி நீ கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். சுற்றிலும் பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுவது கட்டைப் பகுதி வழியாக. இலை சமைத்த உணவு கீழே இறங்குவது பட்டையின் உட்பகுதி வழியாக. பட்டை போனால் வேர் பட்டினி கிடந்து சாகும். முத்துபாவில் அடியிலிருந்து கிளை பிரியும் இடம்வரை முழுத் தண்டையும் உரிக்கிறார்கள். அது சாவதில்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் உரிக்கிறார்கள். பேணி வளர்த்தால் ஒரே மரம் 40 ஆண்டுவரைகூடப் பட்டை தரும் என்கிறார்கள்.

எப்படி? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் பட்டையையும் உண்டாக்குவது அதுதான். மழைக்காலத்தில் அது சுறுசுறுப்பாக வளரும், அந்த இடம் வழுவழுப்பாக இளகியிருக்கும். கைவினைஞர் உரிப்பதும் மழைக்காலத்தில்தான். முதலில் சொரசொரப்பான மேற்பட்டையைச் சுரண்டி எடுக்கிறார். பிறகு மேலே ஒரு வளையக் கீறல், கீழே ஒரு வளையக் கீறல், இரண்டையும் இணைத்து நெடுக ஒரு கீறல். பிறகு நெம்புவதற்கு அவர் எடுப்பது இரும்பில்லை, வாழை மட்டையில் சீவிய ஆப்பு. இரும்பு பட்டால் கட்டை காயப்படும். மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பட்டையை மட்டும் பெயர்க்கும். இளம் செல்கள் கட்டையின் மேல் ஈரமாக அப்படியே தங்கிவிடுகின்றன. அவை காய்ந்துவிட்டால் கதை முடிந்தது. ஆகவே கையோடு கையாகத் தண்டைச் சுற்றி வாழையிலையைப் போர்த்திக் கட்டிவிடுகிறார். அந்த ஈரத்துக்குள் புதுப்பட்டை உருவாகிறது. முதல்முறை உரித்த பட்டை முரடாக இருக்கும், பின்னால் வருவதுதான் மென்மை. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த இடம் அந்த வாழையிலைக் கட்டுதான். துணி செய்வதில் பாதித் திறமை, துணிக்குச் சம்பந்தமே இல்லாத அந்தக் கட்டில் இருக்கிறது.

உரித்த பட்டைக்குச் சூடுகாட்டி இளக்கி, கொட்டகையில் நீளமான மரக்கட்டைமேல் போட்டு அடிக்கிறார்கள். வெயிலில் அடித்தால் சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும், அதற்காகத்தான் கொட்டகை. வரி வரியாகப் பள்ளம் செதுக்கிய கொட்டாப்புளிகள். முதலில் அகல வரி, பிறகு நடுத்தரம், கடைசியில் நுண்ணிய வரி. அடிக்க அடிக்கப் பட்டை பல மடங்கு அகன்று மெலியும். இதில் பாவும் இல்லை, ஊடும் இல்லை. நார்கள் இயல்பாகவே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, அடி அவற்றைத் தளர்த்தி விரிக்கிறது. பிறகு தரையில் விரித்துக் கல் வைத்துக் காயவிட்டால், வெளிறிக் கிடந்த பட்டை வெயில் பட்டுச் செங்காவியாகிறது. ஓட்டை விழுந்த இடத்தில் ஒட்டுப் போட்டுத் தைப்பார்கள். ஆகவே உடம்பு கீறாது, கயல். மெல்லிய தோல்போல வளையும்.

ஆணும் பெண்ணும் இதைத்தான் உடுத்தினார்கள். பெண்கள் இடுப்பில் கச்சை கட்டிக்கொள்வார்கள். அரசனுக்கும் தலைவர்களுக்கும் வெள்ளை அல்லது கறுப்புச் சாயமேற்றியது. படுக்கை, திரைச்சீலை, கொசுத்தடுப்பு, பிணத்துக்குச் சுற்றும் துணி, எல்லாமே இதுதான். தொழிலுக்கு உரியவர்கள் ஙோங்கே என்னும் நீர்நாய்க் குலத்தார். 19ஆம் நூற்றாண்டில் அரபு வணிகர்கள் பருத்தித் துணியைக் கொண்டுவந்தார்கள்; மரவுரி மெல்ல மெல்லச் சடங்குக்கு ஒதுங்கியது. 2005இல் யுனெஸ்கோ இதைக் காக்க வேண்டிய மரபாக அறிவித்தது. இப்போது பை, தொப்பி, விளக்குமறைப்பு என்று நகரத்துக் கடைகளிலும் விற்கிறது. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் கசுபி என்ற குன்றில் புகாண்டாவின் நான்கு மன்னர்களின் கல்லறை இருக்கிறது. பெரிய கூரை வேய்ந்த கூடம், உள்ளே சமாதிப் பகுதியை மறைப்பது மரவுரித் திரை. 2010 மார்ச்சில் அந்தக் கூடம் எரிந்துபோனது. பிறகு மீண்டும் எழுப்பினார்கள்.

எல்லா மரத்துக்கும் இந்த யோகம் இல்லை. ஆப்பிரிக்க மலைக்காடுகளில் புரூனஸ் ஆப்பிரிக்கானா என்றொரு பசுமைமாறா மரம் உண்டு. ஊர் வைத்தியர்கள் அதன் பட்டையைக் கொஞ்சமாக எடுத்துவந்தார்கள். வயதான ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு அது மருந்து என்று ஐரோப்பாவில் விற்கத் தொடங்கியதும் கேமரூனில் டன் கணக்கில் உரித்தார்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் மட்டும் உரிக்க வேண்டும், மற்றதை விட்டுவைக்க வேண்டும் என்று விதி இருந்தது. அவசரக்காரர்கள் சுற்றிலும் உரித்தார்கள், சிலர் மரத்தையே சாய்த்தார்கள். 1995 முதல் அந்த மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே கெடுத்தது எடை போட்டு வாங்குகிற வியாபாரம் என்பது என் கணக்கு. முத்துபாவை உரிப்பவனுக்கு அடுத்த ஆண்டும் அதே மரத்தடிக்கு வர வேண்டிய தேவை இருக்கிறது. கூலிக்கு உரிக்க வந்தவனுக்கு அது இல்லை.

வளர்படலத்தை நீயே பார்க்கலாம். ஐப்பசி மழையில் முறிந்து விழுந்த ஆலங்கிளை ஒன்றை, காய்வதற்குள் எடுத்துவா. நெடுக ஒரு கீறல் போட்டு உரித்துப் பார். உட்புறம் விரலில் வழுக்கும். கோடையில் விழுந்த கிளையோடு ஒப்பிட்டு எனக்கு எழுது. நிற்கிற மரத்தில் மட்டும் கை வைக்காதே. ஊர்க்காரர்கள் உன்னை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்பார்கள்.

அன்புடன்,
மாமா